உள்பக்க ஜவ்வு

அண்ணி (மனதுக்குள்): முட்டியே, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் ஆடிக் காட்டு. லேசா ஆடினாப் போதும். நீ கெட்டியா நின்னுட்டா நான் மறுபடி மாடிக்குப் போகணும்…

பிசியோ: என்னம்மா, முட்டியையே அப்படிப் பாக்கறீங்க? படுங்க. காலை நல்லாத் தளர்த்தி விடுங்க.

நாத்தனார்: சரியாயிடுச்சுல்ல டாக்டர்? இன்னிக்கே படி ஏறலாம்ல?

பிசியோ: நான் இன்னும் தொடவே இல்ல.

நாத்தனார்: தொடுங்க, தொடுங்க. அண்ணன், பசங்க, அம்மா, அப்பா… எங்க அண்ணி எப்ப மேல வருவாங்கன்னு எல்லாரும் வழிமேல் விழி வச்சுக் காத்திருக்கோம்.

அண்ணி: எனக்கா, சமைக்கற கைக்கா?

நாத்தனார்: ரெண்டும் ஒரே ஆள்கிட்டதானே அண்ணி இருக்கு.

பிசியோ: சரி, சரி. இவங்களுக்குக் கிழிஞ்சது முட்டியோட உள்பக்க ஜவ்வு. முட்டியில பெரிய ஜவ்வு நாலு. நடுவுல ரெண்டு, பெருக்கல் குறி மாதிரி. பக்கத்துக்கு ஒண்ணு. அதுங்க இழுத்துப் பிடிச்சாதான் தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பு மேல நிக்கும். இல்லேன்னா ஸ்டூல் மேல ஸ்டூல் வச்ச கதைதான்.

நாத்தனார்: எங்க வீடு மாதிரி.

அண்ணி: அங்க ஜவ்வு யாருன்னு அவளைக் கேளுங்க.

பிசியோ: இப்ப முட்டியைக் கொஞ்சம் மடக்கி, காலை வெளிப்பக்கமாத் தள்ளுவேன். ஜவ்வு தளர்ந்திருந்தா உள்பக்கம் வாய் பிளக்கும்.

அண்ணி: ஆ… வலிக்குது.

பிசியோ: இன்னும் தள்ளல.

அண்ணி: வரப்போற வலி. முன்னாடியே தெரியுது.

பிசியோ: இப்ப?

அண்ணி: ஐயோ… உயிர் போகுது.

பிசியோ: ம்… கூட வந்தவங்க, நீங்கதான்மா, வெளியில போய் ஒரு ஐஸ் பை வாங்கிட்டு வாங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க.

நாத்தனார்: நான் இங்க இருந்தா என்ன?

பிசியோ: ஐஸ் தானா நடந்து வராது.

நாத்தனார்: போறேன், போறேன்.

பிசியோ: அவங்க போயாச்சு. இப்பச் சொல்லுங்க.

அண்ணி: என்னத்தைச் சொல்ல… வலிதான்…

பிசியோ: வாய் உயிர் போகுதுங்குது. தொடை தூங்குது. நெஜமா வலி இருக்கறவங்க காலைத் தொட்டாலே தொடைத் தசை கட்டையா இறுகிடும். ஜவ்வைக் காப்பாத்த அது தானா ஓடி வரும். உங்களுது ஈரத்துணி மாதிரி கிடக்கு. ஜவ்வு என்னடான்னா தாழ்ப்பாள் போட்ட மாதிரி டக்குனு நிக்குது.

அண்ணி: நீங்கதானே தளர்த்தி விடச் சொன்னீங்க?

பிசியோ: எல்லார்கிட்டயும்தான் சொல்வேன். வலி இருக்கறவங்க யாராலயும் முடிஞ்சதில்ல.

அண்ணி: …சொன்னதைக் கேட்டே பழகிட்டேன் டாக்டர். அதான் மாட்டிக்கிட்டேன்.

பிசியோ: எதுக்கும்மா இந்த நாடகம்?

அண்ணி: மாடியில ரெண்டு ரூம். ஏழு பேர். கீழ ஒரு ரூம்ல உடைஞ்ச நாற்காலி எல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. நான் படி ஏறக் கூடாதுன்னு நீங்க சொன்னதும் அதை ஒழிச்சு எனக்குக் கட்டில் போட்டாங்க.

பிசியோ: தனியாவா?

அண்ணி: தனியா. கதவு இருக்கு டாக்டர். சாத்தினா சாத்தினதுதான்.

பிசியோ: உள்ள என்ன பண்ணுவீங்க? படிப்பீங்களா?

அண்ணி: ஒண்ணும் பண்ண மாட்டேன். உக்காந்திருப்பேன். யாரும் கூப்பிடாதப்ப நான் எப்படி இருக்கேன்னு பாத்துட்டிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் பாத்ததில்ல… அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல.

பிசியோ: எப்படி இருக்கீங்க?

அண்ணி: பரவாயில்ல. நெனச்சதைவிடக் கொஞ்சம் சிடுசிடுப்பு.

பிசியோ: நல்லா மாட்டிவிடறீங்கம்மா. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணி: நெஜத்தைச் சொன்னா அன்னிக்கே கட்டிலை மேல ஏத்திடுவாங்க…

நாத்தனார்: இந்தாங்க ஐஸ். டாக்டர், வந்தது வந்தோம், என் தோளையும் பாத்துடுங்க. ரெண்டு நாளா ஒரே குத்தல். படியே ஏற முடியல.

பிசியோ: தோள் வலிச்சா படி ஏற முடியாதா?

நாத்தனார்: கைப்பிடியைப் பிடிக்கணுமே.

அண்ணி: நேத்து மொட்டைமாடியில துணிக்கொடி கட்டினது யாரு?

நாத்தனார்: அது வலது கை அண்ணி. இது இடது.

அண்ணி: ஒரு கையாலயா முடிச்சுப் போட்ட?

பிசியோ: உக்காருங்க, பாத்துடலாம். இடுப்பு மூட்டுன்னா ஆழமான கிண்ணத்துல உக்காந்த பந்து. சுத்தி முரட்டு ஜவ்வு, லேசுல நகராது. தோள் அப்படியில்ல. சின்னத் தட்டு மேல பெரிய பந்து. ஜவ்வும் தசையும் சேந்து பிடிக்கலேன்னா நழுவிடும். கையைக் குடுங்க, பின்னால திருப்பறேன்… ஏன் இப்படி இறுக்கறீங்க?

நாத்தனார்: நான் எங்க இறுக்கறேன்? தானா இறுகுது. காப்பாத்த ஓடி வருது.

பிசியோ: தோளைக் காப்பாத்தக் கால் விரல் எதுக்கு மடங்குது? பல்லு எதுக்குக் கடிக்குது?

அண்ணி: கதவுக்கு வெளியவே நின்னியா?

நாத்தனார்: ஐஸ் பெட்டி கதவுகிட்டதான் அண்ணி இருக்கு.

அண்ணி: எதுவரைக்கும் கேட்ட?

நாத்தனார்: சிடுசிடுப்பு வரைக்கும். அது எங்களுக்கு முன்னாடியே தெரியும்.

அண்ணி: உனக்கு எதுக்குடி அந்த ரூம்?

நாத்தனார்: உங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான். ஒரு பக்கம் அம்மாவோட குறட்டை, இன்னொரு பக்கம் உங்க சின்னவனோட உதை… நீங்க மேல போனதும் நான் கீழ வந்துடலாம்னுதான் இவ்வளவு அவசரம். ஒரு பேச்சு பேசிக்கலாம் அண்ணி. கால் இன்னும் சரியாகலன்னு வீட்ல நான் அடிச்சுச் சொல்றேன். டாக்டர் வாயே திறக்க வேண்டாம். பதிலுக்கு இன்னொரு கட்டில் போட்டு ரெண்டு பேரும்…

பிசியோ: நான் இங்கதான்மா நிக்கறேன்.

நாத்தனார்: நான் பேசவே மாட்டேன் அண்ணி.

அண்ணி: நீயா?

நாத்தனார்: கொஞ்சமாப் பேசுவேன். இல்ல, மாத்தி மாத்தி வச்சுக்கலாம். ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான். சரியா?

அண்ணி: இல்லம்மா.

நாத்தனார்: அப்ப எனக்குன்னு ஒரு ரூம் யார்கிட்ட கேக்கறது?

அண்ணி: தெரியல கண்ணு. நான் கேட்டதில்ல. வழுக்கி விழுந்தேன், கிடைச்சுது.

நாத்தனார்: வீட்ல என்ன சொல்ல? கால் சரியாயிடுச்சுன்னா, சரியாகலன்னா?

அண்ணி: நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சாயந்திரம் நானே படி ஏறி வந்து, கால் நல்லாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். சொல்லிட்டு… இறங்கி என் ரூமுக்குப் போயிடுவேன்.