மஞ்சள் அட்டை

வேலைக்கு நான் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவேன், ஐயா. சலவைக்கூடத்தின் சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாருடைய நாற்காலியையும் துடைத்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை. சின்னச் சின்ன நல்லதுதான் மனிதனைக் கரை சேர்க்கும் என்று நம்புகிறவன் நான். அதனால்தான் முதலுதவிப் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். மூன்று நாள் பயிற்சி. நெஞ்சை எப்படி அழுத்துவது, உதட்டின் நிறத்தில் எதைக் கவனிப்பது, எல்லாம் எனக்குத் தெரியும்.

என்னோடு வேலை பார்த்த விசிலைப் பற்றிக் கேட்டீர்கள். தன் அணி கோல் போட்டால் பல்லிடுக்கில் விசிலடிப்பான். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. கால்பந்தில் அவன் சிவப்பு அணியின் ரசிகன். நான் நீல அணி. ஆறு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தோம்.

"அண்ணே, உங்க ஆளுங்க நேத்து பந்த துரத்துனாங்களா, பந்து அவங்கள துரத்துச்சா?"

"போன மாசம் நாலு வாங்கிட்டுப் போனது யாருடா? கால் ஓடலன்னாலும் வாய் நல்லா ஓடுது உங்களுக்கு."

அதுவரை சரிதான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் கடைசிச் சொல்லை இழுப்போம். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று அவனுக்கு. எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரர், யாரும் தொடாமலே விழுந்து புரளுவார் என்பது ஊரறிந்த சங்கதி. விசில் இரண்டையும் சேர்த்து ஒரு நாடகமாக்கினான். சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்வான். "அண்ணே...ஏ, செத்தே...ஏன்" என்று என் இழுப்பிலேயே அலறுவான். கறை போகாத துணியில் மாட்டுகிற மஞ்சள் அட்டை ஒன்றை நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நடித்து விழுகிறவனுக்கு நடுவர் காட்டுவது போல உயர்த்த வேண்டும். கூடமே சிரிக்கும். நானும் சிரித்தேன். ஆறு வருடம் சிரித்தேன்.

என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால் செய்து காட்டினான். அன்றிலிருந்து சம்பந்தியும் என்னிடம் இழுத்து இழுத்துத்தான் பேசுகிறார். பிறகு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தனியே பிரார்த்தனை செய்யும்போதுகூடக் கடைசிச் சொல்லைச் சுருக்கிக்கொண்டேன். இதற்கெல்லாம் ஒருவர் மேல் வஞ்சம் வைப்பார்களா? நான் வைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மணி பத்துகூட ஆகவில்லை. கையிலிருந்த விரிப்போடு அவன் சாய்ந்தான். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூட்டை கட்டும் அம்மா தூரத்திலிருந்து கேட்டாள்.

"அண்ணே, நெஜமாவா?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் குனிந்து அவன் உதட்டைப் பார்த்தேன். நிமிர்ந்து அட்டையை உயர்த்தினேன்.

"நடிக்கிறான்மா. நீங்க வேலையப் பாருங்க."

சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் தலையணை உறைகளை எடுத்தேன். பதினெட்டு மடித்தேன். அதன் பிறகுதான் மண்டியிட்டு, பயிற்சியில் சொன்னபடியே நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வீட்டுல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லண்ணே. பசங்களுக்கு உங்கள மாதிரியே பேசிக் காட்டுவாரு. உங்க பேச்சுன்னா அவருக்கு உசுரு. கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன். அதுவும் ஒரு சின்ன நல்லதுதான்.

உங்கள் அறிக்கையில் 'விளையாட்டு என்று நினைத்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. நான் அப்படி நினைக்கவில்லை. குனிந்தபோது அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். இழுப்பு இல்லை, கேலி இல்லை. தன் சொந்தப் பேச்சில், மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, விளையாடல."

ஆறு வருடத்தில் அவன் என்னைக் கேலியில்லாமல் 'அண்ணே' என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். கேட்க நன்றாக இருந்தது. இன்னொரு முறை கூப்பிடுவான் என்றுதான், ஐயா, உறைகளை மடித்துக்கொண்டு காத்திருந்தேன்.