சொட்டு மருந்து யார் ஊத்துறது

நிவேதா: கால்ல இந்தக் காயம் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன் ஐயா. அங்குட்டு அவுகளைப் பாக்காதீக. என்னையப் பாத்துச் சொல்லுங்க.

அரசப்பன்: கட்டில்ல இடிச்சுக்கிட்டேன் தாயி.

முத்துக்கண்ணன்: கன்னுக்குட்டி முட்டிருச்சு.

நிவேதா: கட்டிலா, கன்னுக்குட்டியா?

அரசப்பன்: ...கட்டிலுக்குப் பக்கத்துல கன்னுக்குட்டி நின்னுச்சு.

நிவேதா: இந்த வீட்டுல கன்னுக்குட்டி ஏது? நான் வந்ததுலருந்து ஒரு பூனையத்தான் பாத்தேன்.

முத்துக்கண்ணன்: அது பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி சிஸ்டர்.

நிவேதா: நான் கண்ணாஸ்பத்திரி நர்ஸு. போலீஸு இல்ல. எங்க விழுந்தாகன்னு தெரிஞ்சாத்தான் மறுபடி விழாம இருக்க வழி பாக்க முடியும். சும்மா சொல்லுங்க.

அரசப்பன்: ...கொல்லைப்பக்கம் படி. அஞ்சு படின்னு நெனச்சு எறங்குனேன். ஆறு இருந்துச்சு.

முத்துக்கண்ணன்: நாப்பது வருசமா அதே வீடு! ஈபியில லைன்மேனா இருந்த மனுசன். போஸ்ட் கம்பத்துல ஏறுனவுகளுக்குப் படி எண்ணத் தெரியல.

அரசப்பன்: நீ கைய விட்டுட்டுப் போனா?

முத்துக்கண்ணன்: அடுப்புல பால் பொங்குச்சு அத்தான். உங்க கையப் புடிக்கவா, பாலைப் புடிக்கவா?

நிவேதா: சரி சரி. படி ஓரத்துல மஞ்ச டேப்பு ஒட்டணும். கொல்லையில பெரிய லைட்டாப் போடணும். எழுதிக்கிறேன். இப்பச் சொல்லுங்க, இவுக உங்களுக்கு என்ன வேணும்?

அரசப்பன்: எம் பொண்டாட்டி கூடப்பொறந்த தம்பி. அவ போயி ரெண்டு வருசம் ஆச்சு. மாப்ளதான் இப்ப எனக்குச் சோறு, தண்ணி, கம்பு எல்லாம்.

முத்துக்கண்ணன்: கம்பு வேறயா!

நிவேதா: மக ஓசூர்ல இருக்காக இல்ல? சண்முகப்ரியா. அவுக போன் பண்ணுனாக. "வீட்டுல பாத்துக்கிற ஆளு சரியா இருந்தா அங்கயே கண்ணு ஆப்பரேசனைப் பண்ணுங்க. இல்லன்னா எழுதி அனுப்புங்க, நான் வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிர்றேன்"னாக. அதுக்குத்தான் நேர்ல வந்தேன்.

அரசப்பன்: ஓசூருக்கெல்லாம் நான் வரமாட்டேன். நாலாவது மாடி. சன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டுச் சன்னலு.

நிவேதா: அப்ப வியாழக்கிழமைக்கு ஒழுங்கா வந்து சேருங்க. ஆப்பரேசனுக்கு இது நாலாவது தேதி. மொதத் தேதிக்குச் சுகர் முந்நூத்தி இருவது.

முத்துக்கண்ணன்: முந்தின நாளு ஒரு கல்யாணம்...

நிவேதா: ரெண்டாவது தேதிக்குச் சொந்தத்துல துக்கம்னீக. மூணாவது தேதிக்கு எங்க போனீக?

அரசப்பன்: சிராவயலு மஞ்சுவிரட்டு.

நிவேதா: கண்ணு தெரியாம மஞ்சுவிரட்டா?

அரசப்பன்: சத்தம் கேக்கலாம்ல.

நிவேதா: நல்லாக் கேட்டீக போங்க! ஐயா, வெளையாட்டில்ல. ரெண்டு கண்ணுலயும் பொரை நல்லா முத்திருச்சு. இன்னும் தள்ளுனா உள்ள அழுத்தம் ஏறி வலி எடுத்துரும். அதுக்கப்புறம் ஆப்பரேசன் பண்ணாலும் பார்வை வருமான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரே எழுதிருக்காரு.

முத்துக்கண்ணன்: கேட்டீகளா அத்தான்?

அரசப்பன்: கேட்டுச்சு, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு.

நிவேதா: ஆப்பரேசன் பத்து நிமிசம் பதினஞ்சு நிமிசந்தான். அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். அப்புறந்தான் வேலையே. மொத வாரம் ரெண்டு மருந்து ஊத்தணும். ஒண்ணு ஒரு நாளைக்கு ஆறு தடவை, இன்னொண்ணு நாலு தடவை. ஒண்ணு ஊத்திட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் அடுத்தது. யாரு ஊத்துவா?

முத்துக்கண்ணன்: நாந்தான். வேற யாரு இருக்கா?

நிவேதா: தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. குனியக்கூடாது. தண்ணிக் கொடம் தூக்கக்கூடாது. கண்ணைக் கசக்கக்கூடாது. ராத்திரிக்குக் கண்ணு மேல மூடி வச்சு ஒட்டணும்.

முத்துக்கண்ணன்: பாத்துக்கிறேன்.

நிவேதா: கண்ணு திடீர்னு வலிச்சாலோ, செவந்தாலோ, மங்குனாலோ காலையில பாக்கலாம்னு இருக்கக்கூடாது. ஒடனே கெளம்பிரணும்.

முத்துக்கண்ணன்: ஆட்டோ வேல்பாண்டி தெருமுனையிலதான் இருக்கான். ஒரு சத்தம் போதும்.

நிவேதா: ஒரு மாசம் வரைக்கும் நீங்க கூடவே இருப்பீகளா?

முத்துக்கண்ணன்: இருப்பேன். அத்தானுக்குக் கண்ணு தெளிஞ்சதும் சிங்கம்புணரிக்குக் கெளம்பிருவேன். அங்க வீடு கெடக்கு. மாசம் ஒருக்காப் போயிக் கூட்டித் தொளிச்சுட்டு வாரேன்.

அரசப்பன்: வியாழக்கிழமை வேணாம் தாயி. அமாவாசைக்கு அப்புறம் பாப்போம்.

முத்துக்கண்ணன்: அமாவாசை முடிஞ்சு நாலு நாளு ஆச்சு அத்தான்!

அரசப்பன்: அடுத்த அமாவாசை.

நிவேதா: சின்னய்யா, ஐயா சாப்புடுற மாத்திர டப்பாவை உள்ளருந்து எடுத்துட்டு வாங்களேன். எல்லாத்தையும் பாக்கணும்.

முத்துக்கண்ணன்: இந்தா வாரேன்.

நிவேதா: ...போயிட்டாக. இப்பச் சொல்லுங்க. ஆப்பரேசனுக்குப் பயமா?

அரசப்பன்: மின்சாரத்துல தொங்குனவன் நான். எனக்கென்ன பயம்?

நிவேதா: அப்புறம்?

அரசப்பன்: மெதுவாப் பேசு. அவனுக்குப் பாம்புக்காது... எம் பொண்டாட்டி காரியத்தன்னைக்கு, பதினாறாம் நாளு, பந்தல்ல எல்லாரும் இருந்தாக. "அக்காவே இல்லாத வீட்டுல தம்பிக்கு என்ன சோலி"ன்னு எங்க பங்காளி சின்னக்கருப்பு ஒரு வார்த்தை விட்டுட்டான்.

நிவேதா: அய்யய்யோ.

அரசப்பன்: இவன் ரோசக்காரன். எந்திரிச்சு நின்னு, "கண்ணு தெளியிற மட்டும் இருப்பேன். தெளிஞ்ச மறுநாளு கெளம்பிருவேன்"னு பந்தல்லயே சொல்லிட்டான். சொன்னா மாறமாட்டான்.

நிவேதா: அதான் கண்ணு தெளியவே வேணாம்னு...

அரசப்பன்: கண்ணு தெரிஞ்சு யாரைப் பாக்கப் போறேன்? சொவத்தையா?

நிவேதா: இருக்கச் சொல்லிக் கேக்க வேண்டியதுதான?

அரசப்பன்: மச்சினன் ரோசத்துக்கு முன்னால நான் கெஞ்சுறதா? அவன் மொகத்துல அடிச்சாப்புல இல்ல ஆகும்? ஊர் என்ன சொல்லும்... ஸ்ஸ், வாரான்.

முத்துக்கண்ணன்: டப்பா இந்தாங்க. எதுக்கு ரெண்டு பேரும் ஊமை மாதிரி இருக்கீக?

நிவேதா: மாத்திரையப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தோம். இது சுகருக்கு, இது பிரசருக்கு... இது எதுக்கு ஐயா? ஒண்ணுக்குப் போறதுக்கா?

அரசப்பன்: ஆமா. சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

நிவேதா: இதைத்தான் மொதல்ல சொல்லணும்! இந்த மாத்திர சாப்புட்டா ஆப்பரேசன் சமயத்துல கண்ணுப் பாப்பா சரியா விரியாது. டாக்டருக்கு முன்னாடியே தெரியணும். நீங்களா நிப்பாட்டிறாதீக, நான் சொல்லிக்கிறேன்.

முத்துக்கண்ணன்: ஒண்ணுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

நிவேதா: சின்னய்யா, இது சும்மா கண்ணு காயாம இருக்க ஊத்துற தண்ணி மாதிரி மருந்து. கையக் கழுவிட்டு வந்து அத்தானுக்கு ஒரு சொட்டு ஊத்திக் காட்டுங்க. பாத்துட்டு, கூட இருந்து பாத்துக்கிற ஆளுன்னு உங்க பேரை எழுதிர்றேன்.

முத்துக்கண்ணன்: இதுல என்ன பெரிய வித்தை... அத்தான், அண்ணாந்து பாருங்க. அசையாதீக.

அரசப்பன்: மூக்குல ஊத்துறான் தாயி.

முத்துக்கண்ணன்: நீங்க அசைஞ்சீக.

அரசப்பன்: மூக்கு அசையுமாடா?

நிவேதா: இன்னொரு தடவை.

அரசப்பன்: இப்பக் காது.

முத்துக்கண்ணன்: வெளிச்சம் பத்தல சிஸ்டர்.

நிவேதா: உச்சி வெயில் அடிக்குது. சின்னய்யா, கொஞ்சம் இங்குட்டுத் திரும்புங்க. டார்ச்சைப் பாருங்க... இந்தக் கண்ணு... அந்தக் கண்ணு. எத்தனை நாளா இப்படி?

முத்துக்கண்ணன்: எப்படி?

நிவேதா: ரெண்டு கண்ணுலயும் பொரை.

அரசப்பன்: என்ன?

முத்துக்கண்ணன்: ...ஒக்கூர்ல கண்ணு முகாம் போட்டப்ப சொன்னாக. போன வருசம். அத்தானைக் கூட்டிட்டுப் போனப்ப என்னையும் பாத்தாக.

அரசப்பன்: எங்கிட்ட ஏண்டா சொல்லல?

முத்துக்கண்ணன்: குருடனுக்குக் குருடன் தொணையான்னு ஓசூர்க்காரி உங்களைத் தூக்கிட்டுப் போயிருவா. அதான்.

அரசப்பன்: அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரு வருசமா ரோட்டை எப்படிக் கடந்தோம்?

முத்துக்கண்ணன்: நான் உங்க கையப் புடிச்சேன். நீங்க என் கையப் புடிச்சீக. பஸ்ஸுக்காரன் பிரேக்கைப் புடிச்சான்.

நிவேதா: சிரிக்காதீக! நான் சிரிக்கல... சரி, இப்ப நான் எப்படி உங்க பேரை எழுதுறது?

முத்துக்கண்ணன்: எழுதாட்டி?

நிவேதா: மகளுக்குத்தான் சொல்லணும்.

அரசப்பன்: தாயி, வேணாம் தாயி.

நிவேதா: பொய் எழுத முடியாது ஐயா. தப்பா ஊத்தி, மருந்துக் குப்பி முனை கண்ணுல குத்துச்சுன்னா வெனையாயிரும். இருங்க, யோசிக்கிறேன்... சின்னய்யா, கிட்டத்துல ஐயா மூக்கு தெரியுதா உங்களுக்கு?

முத்துக்கண்ணன்: அத்தான் மூக்கு தெரியாமயா! தெருமுனையிலருந்தே தெரியும்.

நிவேதா: அது போதும். ஐயா, தலகாணி இல்லாம மல்லாக்கப் படுங்க. கண்ணை மூடிக்கங்க. சின்னய்யா, வெரலால மூக்குத்தண்டைத் தொட்டுக்கங்க. அதை ஒட்டிக் கண்ணு ஓரத்துல குழி இருக்கா?

முத்துக்கண்ணன்: இருக்கு.

நிவேதா: அந்தக் குழியில ஒரு சொட்டு விடுங்க. குப்பி எதுலயும் படாம. ம்... ஐயா, இப்பக் கண்ணைத் தொறங்க.

அரசப்பன்: ஜில்லுன்னு உள்ள எறங்கிருச்சு!

நிவேதா: மறுபடி ரெண்டு தடவை. தனியாச் செய்யுங்க, நான் சொல்லமாட்டேன்.

முத்துக்கண்ணன்: ...ஒண்ணு. ...ரெண்டு.

அரசப்பன்: ரெண்டும் சரியா எறங்கிருச்சு தாயி. கண்ணை அமுக்கவும் இல்ல.

நிவேதா: பாத்தேன். ரெண்டு குப்பியும் ஒரே மாதிரி இருக்குமே, எது எதுன்னு எப்படித் தெரியும்?

முத்துக்கண்ணன்: சைக்கிள் கடை வச்சிருந்தவன் சிஸ்டர் நான். ஆறு தடவை மருந்துக்கு ஒரு டியூப் ரப்பரை வெட்டி வளையம் மாட்டிர்றேன். தடவிப் பாத்தாத் தெரிஞ்சிரும்.

நிவேதா: அப்படிச் சொல்லுங்க! மொத மூணு நாளு காலையில நான் வந்து பாத்துட்டுப் போறேன். அதையும் எழுதி, உங்க கண்ணையும் மறைக்காம எழுதி, ப்ரியாவுக்கு நானே பேசுறேன். ஒத்துக்குவாக. ஆனா ஒரு கண்டிசன்.

முத்துக்கண்ணன்: என்ன?

நிவேதா: ஐயாவுக்கு ஒரு மாசம் ஆனதும் அடுத்து உங்களுக்கு. அப்ப ஐயா உங்களுக்கு ஊத்தணும்.

முத்துக்கண்ணன்: எனக்கு எதுக்கு? நான் ஊருக்குப் போயி அங்குட்டுப் பாத்துக்குவேன்.

அரசப்பன்: அங்க யாருடா இருக்கா உனக்கு ஊத்த?

முத்துக்கண்ணன்: பந்தல்ல சொன்ன சொல்லு அத்தான்.

அரசப்பன்: கண்ணு தெளியிற மட்டும்னு சொன்ன. யாரு கண்ணுன்னு அன்னைக்கு எவனும் கேக்கலயே. உனக்கு ரெண்டு கண்ணு, எனக்கு ரெண்டு கண்ணு. நாலு ஆப்பரேசன் இருக்கு. சின்னக்கருப்பு கேட்டா நான் பதில் சொல்றேன்.

முத்துக்கண்ணன்: வீம்புக்குப் பேசாதீக.

அரசப்பன்: வீம்பு இல்லடா. கெஞ்சுறேன். போதுமா? போகாத. நீ போயிருவன்னுதான் மூணு தேதியும் தள்ளுனேன்.

முத்துக்கண்ணன்: மூணா? மொதத் தேதிக்கு முந்தின நாளு கல்யாணத்துல உங்க எலையில மூணு ஜாங்கிரி வச்சது யாருன்னு நெனைக்கிறீக?

அரசப்பன்: பந்தி பரிமாறுனவன்.

முத்துக்கண்ணன்: என் எலையிலருந்து நாந்தான் எடுத்து வச்சேன்.

நிவேதா: அடப்பாவிகளா! சுகர் ஏறிருச்சுன்னு டாக்டரு ரெண்டு மாத்திர கூட்டி எழுதிக் குடுத்தாரே!

அரசப்பன்: தெரிஞ்சேவாடா வச்ச?

முத்துக்கண்ணன்: தெரியாமயா வப்பேன்?

நிவேதா: சண்டைய வியாழக்கிழமைக்கு அப்புறம் வச்சுக்கங்க. சின்னய்யா, உங்க பேருலயும் ஒரு அட்டை போட்டுர்றேன். பேரு முத்துக்கண்ணன். வயசு?

முத்துக்கண்ணன்: அறுவத்தி எட்டு.

நிவேதா: சிங்கம்புணரி விலாசம் சொல்லுங்க. கதவு நம்பர், தெரு?

முத்துக்கண்ணன்: இந்த வீட்டு விலாசத்தையே எழுதுங்க சிஸ்டர்.

நிவேதா: சொந்த விலாசந்தான் கேக்குறாக. வீடு அங்கதான இருக்கு?

முத்துக்கண்ணன்: இல்ல. அக்கா காரியத்துக்கு வரும்போதே வீட்டையும் கடையையும் காலி பண்ணிட்டுத்தான் வந்தேன்.

அரசப்பன்: டேய்... அப்ப மாசாமாசம் வீட்டைக் கூட்டப் போறேன்னு காலையில பஸ் ஏறிப் போவியே. அது?

முத்துக்கண்ணன்: சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டுல உக்காந்துருப்பேன் அத்தான். பொழுது சாயவும் அதே பஸ்ல திரும்பி வந்துருவேன்.