ஒரே நொடியில் பிறந்த எண்கள்

– ருபியேலாக்கா, முதல்ல அந்தக் கதவச் சாத்துங்க. யார் காதுலயும் விழக்கூடாது.

– என்னடா எய்டர், மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? சனிக்கிழமை நடந்ததையே நெனச்சுட்டு இருக்கியா? அந்தக் கொலைகாரனுங்களோட ஆளுங்க நம்ம டிரைவர் நோல்பெர்த்தோவ வழியில மறிச்சானுங்க, போனைப் புடுங்கினானுங்க, விட்டுட்டானுங்க. புள்ள உசுரோட வந்தான்ல, அது போதும் சாமி.

– அந்தப் போன்ல என்னென்ன இருந்துச்சு?

– நம்ம சாட்சிகள ஒளிச்சு வச்சிருக்கற பத்தொன்பது வீட்டுக்கும் போற வழி. அவன்தானே எல்லாருக்கும் சாப்பாடு கொண்டு போய் வாசல்ல வச்சுட்டு வர்றான். அப்புறம் கதவத் தெறக்க வைக்கற ரகசிய எண்ணு ஒண்ணே ஒண்ணு, சாட்சி திம்பியோ வீட்டோடது. அன்னிக்கே அங்கேருந்து ஆளைக் கெளப்பிட்டேன்.

– மத்த பதினெட்டு வீடு?

– அதுக்கென்ன இப்போ? வீடு தெரிஞ்சு என்னத்தக் கிழிப்பானுங்க? எல்லாம் இரும்புக் கதவு. ஒடைக்கப் பாத்தா தெருவே கூடிரும். வாசல்ல நின்னு ஆறு இலக்கத்தையும் சரியாச் சொன்னாத்தான் உள்ளேருந்து தெறப்பாங்க. அந்த எண்ண எவனாலயும் ஊகிக்க முடியாதுன்னு நீதானே சாமி சொன்ன?

– சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேங்க்கா.

– மென்னு முழுங்காத. என்ன தப்பு?

– கம்ப்யூட்டர் தானா ஒரு எண்ண நெனைக்காதுக்கா. ஒரு தொடக்கம் குடுத்தா, அதுலேருந்து கணக்குப் போட்டு வரிசையா எண்ணாக் கொட்டும். அதே தொடக்கத்த மறுபடி குடுத்தா, அதே வரிசைதான் மறுபடி வரும்.

– அப்ப ஊகிக்க முடியாத எண்ணு எங்கேருந்து வரும்?

– கம்ப்யூட்டரையே ஓட்டற இயங்குதளம்னு ஒண்ணு இருக்குல்ல, அதுகிட்டக் கேக்கணும். நாம தட்டற விசை, உள்ள ஓடற டிஸ்க், அப்பப்ப நடக்கற சின்னச் சின்ன சலசலப்பு, அத்தனையையும் கலக்கி அது தன்கிட்ட வச்சிருக்கும். அதைக் கேட்டு வாங்கினா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வரி எழுதினாப் போதும்.

– நீ எழுதல.

– அவசரத்துல கடிகாரத்த வச்சு எழுதிட்டேன். பொத்தான அமுக்கற நொடி எதுவோ, அதுதான் தொடக்கம். பின்னால மாத்திக்கலாம்னு விட்டேன். மறந்தே போச்சு.

– மறந்து போச்சா! சரி, நீ எந்த நொடியில அமுக்கினன்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?

– திம்பியோ எண்ணு அவனுங்க கையில இருக்கே! ஒவ்வொரு நொடியாப் போட்டுப் பாத்துட்டே வந்தா, எந்த நொடியில அந்த எண்ணு வருதுன்னு தெரிஞ்சுரும். பத்தொன்பது எண்ணையும் ஒரே தடவையில போட்டேங்க்கா. ஒண்ணு மாட்டினா எல்லாம் மாட்டின மாதிரி.

– அதுக்கு உன் ப்ரோகிராம் வேணுமே. அது உன்கிட்டத்தானே இருக்கு?

– நம்மள மாதிரி சாட்சிகளக் காப்பாத்தற மத்த ஊர் அமைப்புகளுக்கும் உதவட்டும், இணையத்துல எல்லாருக்கும் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?

– கடவுளே. எத்தன நாளாகும் அவனுங்களுக்கு?

– இன்னிக்குக் காலையில நானே செஞ்சு பாத்தேன். நாலு நிமிஷம்.

– நாலு நிமிஷம். அவனுங்க போனைப் புடுங்கி ரெண்டு நாளாச்சேடா!

– என்ன வேணா திட்டுங்க. அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

– அதுக்கெல்லாம் நேரமில்ல. பட்டியல எடு. யாருக்கு முதல்ல போன் போடணும்?

– எர்மென்சியா டீச்சருக்கு. பள்ளிக்கூட ஜன்னல்லேருந்து கொலைய நேர்ல பாத்தவங்க. வியாழக்கிழமை கோர்ட்டுல ஏறி, கொன்ன மூணு பேரையும் அடையாளம் காட்டப் போறவங்க. அவனுங்க முதல்ல தேடறது அவங்களத்தான் இருக்கும்.

– போடு. எனக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல வை.

– அடிக்குது. எடுக்கலியே.

– மறுபடி போடு. குடு இங்க, நானே போடறேன்.

– இருங்க, எடுத்துட்டாங்க. டீச்சர், நான் எய்டர் பேசறேன். நல்லாக் கேட்டுக்கோங்க. யாரு வந்தாலும் கதவத் தெறக்காதீங்க. எண்ணு சரியா இருந்தாலும் தெறக்காதீங்க. கேக்குதா?

– என்ன தம்பி, இப்பப் போய்ச் சொல்ற? நீ அனுப்பினதாச் சொல்லித்தானே ரெண்டு பேரு வந்தாங்க. ஆறு இலக்கத்தையும் ஒண்ணு பிசகாமச் சொன்னாங்க. மழையில நனைஞ்சு வந்த புள்ளைங்களாச்சேன்னு உள்ள உக்கார வச்சுட்டு, அவங்களுக்குத்தான் வெல்லத்தண்ணி காய்ச்சிட்டு இருக்கேன்.