கரண்டுகிட்ட யார் சொல்வது

கெலமங்கலத்தில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஓசூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரே கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னாள்: “அழகா இருக்கட்டும்னு புரோகிராம்ல ஒரு வரியைத் தூக்கிட்டேன்க்கா. அதான் வினையாப் போச்சு.”

“என்ன வரிடி?”

“ஃபைலை வேற இடத்துக்கு மாத்துறப்போ, காப்பி முழுசாப் போச்சான்னு பார்த்துட்டுத்தான் பழசை அழிக்கணும். அந்தப் பார்க்குற வரி.”

“சோதிச்சுப் பார்க்கலையா?”

“சின்ன ஃபைல் ரெண்டு வச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் போச்சு. இன்னிக்கு அங்க இடம் பத்தல. காப்பி பாதியில நின்னுச்சு, பழசும் அழிஞ்சிருச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது.”

“எந்த ஃபைலு?”

“பெரிய மெஷினோட செட்டிங் பூராவும்.”

“அப்புறம் மெஷின் எப்படி ஓடுது?”

“காலையில ஏத்துனது அது உள்ள இருக்கு. நின்னா அதுவும் போயிரும். நிக்கிறதுக்குள்ள போய் எடுத்துறணும்.”

“நிறுத்தாதீங்கன்னு போன் பண்ணிச் சொல்லு.”

“சொல்லிட்டேன்க்கா. கரண்டுகிட்ட யாரு சொல்றது?”

பிறகு அவள் ஒவ்வொரு கடையிலும் பல்பு எரிகிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். என் வேண்டுதலையெல்லாம் கோயிலிலேயே சொல்லி முடித்திருந்தேன். கடைகளைப் பார்த்தபடி மறுபடி ஆரம்பித்தேன்.