சாமி வர்ற வரைக்கும்

இல்லப்பா, தப்பா எடுத்துக்காத. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. நீ காதுல மாட்டிக்கினு இருக்கிறது இந்த பஸ்சுக்கே கேக்குது. போன்ல அட்டைப்படமும் தெரியுது. 'நாடா'ன்ற மியூசிக் பேண்டோட ஆல்பம்தானே? எங்க காஞ்சிபுரம் பசங்கதான். எப்டி இருக்குது? சூப்பரா? ம். ஏன் இருக்காது? மெட்ராஸ்ல ஏசி போட்ட கண்ணாடி ரூம்ல எடுத்ததாச்சே.

நானா? ஹபீபுல்லா. பெரிய காஞ்சிபுரத்துல மைக் செட் வச்சிருக்கேன். அவனுங்க மொத மேடைலருந்து நான்தான் சவுண்டு. நீ லைவ்ல கேட்டதே இல்லியா? அடப்பாவமே. அப்ப நீ சாப்பிட்டுக்கினு இருக்கிறது பிரியாணி இல்ல தம்பி, பிரியாணி போட்டோ.

இப்ப ஓடுதே, இந்தப் பாட்டு எத்தினி நிமிஷம்? மூணே முக்காலா? இதையே போன வருஷம் ஆடி வெள்ளிக்கு பிள்ளையார்பாளையத்துல அம்பது நிமிஷம் வாசிச்சானுங்க. அட, ஆசைப்பட்டு இல்லப்பா. எங்க ஊரு மேடைக்கு ஒரே சட்டம்தான். அம்மன் ஊர்வலம் மேடைகிட்ட வர்ற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. நின்னா ஜனம் எழுந்து பூடும். அப்புறம் அம்மன் வந்து காலி நாற்காலிக்குத்தான் அருள் குடுக்கணும். அன்னிக்கு அம்மன் வண்டி கரண்டு ஒயர்ல மாட்டிக்கினு தெரு முனையிலயே நின்னுடுச்சு. விழாக்குழு ஆளு கீழருந்து இழு இழுன்னு கையக் காட்றான். இவனுங்களும் இழுத்தானுங்க. இப்டி நிறுத்தாம இழுத்து வாசிக்கிற கோஷ்டிக்குப் பேரு ஜாம் பேண்டாம், நெட்ல எழுதறானுங்க. எங்களுக்கு அது, சாமி லேட்டு.

ஆனா அன்னிக்கு வாசிச்சானுங்க பாரு! நடுவுல கிடார் வாசிக்கிற யுவனுக்கு கம்பி அறுந்துடுச்சு. பாடற பொண்ணு பிரியதர்ஷினிக்கு அடுத்த வரி மறந்துடுச்சு. ஒரே வரிய இருவது தரம் பாடுச்சுப்பா, ஒரு தரம் மாதிரி இன்னொரு தரம் இல்ல. தாங்கிப் புடிச்சது யாரு தெரியுமா? பம்பை அடிக்கிற குமாரவேல். இந்த பஸ்சு போற வழியில தாமல் இருக்குதே, அந்த ஊரு ஆளு. யுவன் கம்பி மாத்தற வரைக்கும் ஒண்டியா எட்டு நிமிஷம் அடிச்சான். பொம்பளைங்க நாற்காலிய தள்ளிட்டு ஆடறாங்க. எனக்கு சவுண்டு மிக்சர்ல கை வெக்கவே தோணல. அப்டியே புல்லரிச்சுப் போச்சு.

ஆல்பத்துல அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. கம்பியும் அறுவல, வரியும் மறக்கல. பொண்ணு செவ்வாக்கெழம வந்து பாடுச்சாம், யுவன் வெள்ளிக்கெழம போயி வாசிச்சானாம். பொண்ணு ஒரு மண்டபத்துல, மாப்பிள்ள ஒரு மண்டபத்துல. தாலிய மட்டும் கம்ப்யூட்டர் கட்டுச்சு.

இன்னாது, பம்பை நல்லாருக்குதா? இன்னும் நல்லாக் கேளு. அதே நாலு அடி. திரும்ப அதே நாலு அடி. பாட்டு முழுக்க அதான். ஏறாது, எறங்காது. குமாரவேல் அந்த ரூம் வாசப்படியே மிதிக்கல. கூப்பிட்டாத்தானே?

அப்ப எப்டி பம்பை வந்துச்சா? சொல்றேன் இரு. போனா? அடிக்கட்டும் விடு. யுவன்தான்.

இன்னிக்கும் ஆடி வெள்ளிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே மேடை. ஆனா இந்த வருஷம் ஆல்பம் மாதிரியே கேக்கணுமாம். பம்பைய பென்டிரைவ்ல போட்டு என்கிட்ட குடுத்துட்டானுங்க. நான் பட்டன அழுத்தணும், அவனுங்க கூடவே வாசிக்கணும். நோகாம நோம்பு கும்பிடறது. அம்மன் வண்டி எங்கியாவது மாட்டிக்கிச்சுன்னா இன்னாடா பண்ணுவன்னு யுவனக் கேட்டேன். திருப்பிப் போடுங்க பாய்ன்றான். குமாரவேலுக்கு இந்த வருஷம் வர வேணாம்னு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டானுங்க. கும்பிடற கை பொம்ம வேற. மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

அந்த நாலு அடியா? போன வருஷம் அந்த அம்பது நிமிஷத்தையும் நான் மிக்சர்லயே ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். ஞாபகத்துக்கு வச்சிக்கிறேன் பாய்னு யுவன் கேட்டான். எனக்குப் பெரும தாங்கல. அவன் வூட்டுக்கே போயி குடுத்துட்டு டீ குடிச்சிட்டு வந்தேன். அந்த எட்டு நிமிஷத்துல நாலு அடிய மட்டும் அறுத்து எடுத்துக்கினு, மனுசன வெளிய தள்ளிட்டானுங்க. அவனுங்களச் சொல்லி இன்னா? கத்திய எடுத்துக் குடுத்தது நான். குமாரவேலுக்கு இது இன்னும் தெரியாது.

தாமல் வந்துடுச்சா? கொஞ்சம் கால நவுத்துக்கோ. அவன் வூடு ஏரிக்கரைப் பக்கம். மொதல்ல மன்னிப்பு கேக்கணும். அப்புறம் பம்பையோட கூட்டிக்கினு ஏழு மணிக்குள்ள மேடைக்குப் போகணும். வருவானான்னு தெரியல. வரலன்னா, அம்மன் வர்ற வரைக்கும் யுவன் கையத் தட்டிக்கினு நிக்கட்டும்.

மறுபடியும் அடிக்குதா? அடிப்பான், அடிப்பான். பென்டிரைவ் என் சட்ட ஜோப்புலதானே இருக்குது.