அதே கை

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

"நேற்று பேஸ்போல் மட்ச்சில, மகள் எறிஞ்சது போதும், கைக்கு ஓய்வு எண்டு சொல்லி, ட்ரெய்னர் அவளைப் பந்து பிடிக்க விட்டவர்."

"அது நல்லதுதானே, அக்கா?"

"என்ன நல்லது? பிடிக்கிற பந்தையெல்லாம் அவள்தானே திருப்பி எறிய வேணும். எங்கட பேக்டரியிலயும் தோள் நோகுது எண்டால் வேற மெஷினுக்கு மாத்துவினம். அங்கையும் இதே கைதான். நான் பாதியில அவளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

"பிள்ளை கோவிச்சவளோ?"

"இல்லை. அப்ப நீங்கள் ஏனம்மா வேலைக்குப் போறீங்கள் எண்டு கேட்டவள்."

இக்காஸ்ட் நிலையம் வந்தது. அந்தத் தாய் வலது கையைத் தொங்கவிட்டபடி, இடது கையால் கதவுப் பொத்தானை அழுத்தி, பிற்பகல் ஷிப்டுக்கு இறங்கிப் போனார்.