கொலு ரயிலுக்கு ஒரு சிக்னல்

கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "போன கொலுவுல ஒங்க பொம்மை ரயிலு இடிச்சுப் புள்ளையாரு குப்புற விழுந்தாரு. இந்த வருசம் ரயிலு வேணாங்க."

நான் மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அதுக்குத்தான சிக்னல் வாங்கப் போறோம்? கைகாட்டி வாங்குவமா? கை ஏறி எறங்கும், பாக்க அழகு."

"கைகாட்டினா ரயிலு நிக்குமா?"

"நிக்காது. வெளக்கு சிக்னல்னா, செவப்பு எரிஞ்சா கரண்டு கட்டாகி தானா நின்னுரும்."

"அப்ப வெளக்கே வாங்குங்க. சுவிச்சு யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"எங்கிட்ட குடுத்தா ரயிலு ஓடட்டும். நைவேத்தியம் முடியாம பச்சை போட மாட்டேன்."



"சரிங்க ஸ்டேஷன் மாஸ்டரம்மா. சுண்டலாவது எனக்கு மொதல்ல வருமா?"

"புள்ளையாருக்கு அப்பறம்."